இடப்பக்க இருக்கை

பிறருக்கு இரவலாகக் கொடுக்கும் பொருள்களில் பல தரங்கள் உண்டு. பேனாவைக் கேட்டால் யோசியாமல் கொடுத்துவிடுகின்றோம். குடையைக் கொடுக்கும்போது வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்கின்றோம். நூலைக் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் நமது பெயர் எழுதப்பட்டிருக்கின்றதா என்று புரட்டிப் பார்க்கின்றோம். மிதிவண்டியைக் கொடுத்துவிட்டாலோ, அது திரும்பி வரும்வரை தெருவில் மணியோசை கேட்கும்போதெல்லாம் வாசலை நோக்குகின்றோம். இவை அனைத்தையும் கடந்து நிற்பது காரைக் கொடுப்பது. அதிலும், ஓட்டத் தெரிந்தவரிடம் கொடுப்பது ஒன்று. ஓட்டத் தெரியாதவரிடம், ஓட்டிப் பழகுவதற்கென்றே கொடுப்பது முற்றிலும் வேறொன்று. முன்னதில் பொருளைக் கொடுத்துவிட்டு வீட்டிற்குள் போய்விடலாம். பின்னதில் பொருளோடு நாமும் சேர்ந்தே போகவேண்டியிருக்கின்றது.

நம்மிடம் உள்ள கார் ஃபோர்ட் ஐகான். 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டது. 1999ஆம் ஆண்டில் அறிமுகமான இவ்வகைக் கார், சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரில் இருந்த ஆலையில் உருவானது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அந்நிறுவனம் 2021இல் அறிவித்தபோது, உறவினர் ஒருவர் ஓய்வுபெற்ற செய்தியைக் கேட்டதுபோல் இருந்தது நமக்கு. 2004இல் பதிவான நமது வண்டி, வெளிநாட்டிற்குப் போன தம்பி நம் பெயருக்கு மாற்றிக் கொடுத்துச் சென்றது. சட்டப்படி 15 ஆண்டுகள் நிறைந்ததும் 2019இலும், பின்னர் 2024இலும் பதிவைப் புதுப்பித்திருக்கின்றோம். ஏறத்தாழ 90 குதிரைத்திறன் என்பது இன்றைய கணக்கில் பெரிதன்று. ஆயினும், ஆக்சிலேட்டரைத் தொட்டவுடன் பாயும் அதன் சுபாவம் இன்னும் மாறவில்லை. “சாமியாருக்கு எதற்கு இவ்வளவு வேகமான வண்டி?” என்று கேட்டுச் சிரிக்கும் அன்பர்கள் பங்கில் உண்டு. நாமும் சேர்ந்து சிரித்துவிடுவோம். அதன் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தேரிக்காட்டு ஓரத்துச் சாலையில் விடியற்காலையில் போகும்போது மனத்திற்குக் கிடைக்கும் இலேசான மகிழ்ச்சியை அவர்களிடம் விளக்க முற்பட்டதில்லை.

இந்தச் சாவியைத்தான் ஓர் இளம்பெண் கேட்டு வந்தாள். உப்பளக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதுபவள். அவளுடைய தந்தை முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். ஊரில் அனைவருக்கும் அவர் ‘அண்ணாச்சி’, நமக்கும் அப்படியே. சர்க்கரை நோய் முதலில் அவருடைய கண்களை மங்கச் செய்தது. பின்னர்ச் சிறுநீரகங்களைக் கெடுத்தது. வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், தூத்துக்குடி சென்று டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். சிகிச்சைக்கு அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. போய் வரும் செலவு வீட்டின் பொறுப்பு. டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து, கால் தசைகள் இழுத்துக்கொள்ள, அவர் பேருந்துப் படியில் ஏறுவதற்குப் படும் பாட்டை நாமும் ஒருமுறை உடனிருந்து பார்த்தோம். வாடகைக் காருக்கு வாரம் மூன்று முறை கொடுக்கும் பணத்தைச் சேர்த்தால் பழைய வண்டி ஒன்றுக்குத் தவணை கட்டிவிடலாம் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஓட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

“டிரைவிங் ஸ்கூல்ல பதினஞ்சு நாள் ஓட்டினேன் ஃபாதர். ஆனா சொல்லிக் கொடுக்கிறவரோட காலும் பிரேக்கிலயே இருந்துச்சு. வண்டிய நான் ஓட்டினேனா, அவர் ஓட்டினாரான்னே தெரியல” என்றாள்.

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. பயிற்சிப் பள்ளியின் கார்களில் பயிற்சியாளர் தம் இடத்திலிருந்தே வண்டியை நிறுத்தும் வகையில் இரட்டைக் கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கவேண்டும் என்பது விதி. இதனால் உயிர்கள் காக்கப்படுகின்றன. ஆயினும் கற்பவரின் உள்ளத்தில், ‘நான் விட்டாலும் அவர் பிடித்துக்கொள்வார்’ என்னும் எண்ணம் படிந்துவிடுகின்றது. அதைக் கரைப்பதற்கு, ஒரே ஒரு பிரேக் மிதி உள்ள வண்டியில், தன் கால் ஒன்றையே நம்பி ஓட்டிப் பார்க்கும் நாள்கள் சில தேவைப்படுகின்றன.

சட்டம் இதற்கு இடம் தருகின்றது, நிபந்தனைகளும் விதிக்கின்றது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் மூன்றாவது விதி இதனைத் தெளிவாகக் கூறுகின்றது. பழகுநர் உரிமம் பெற்றவர், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உடைய ஒருவர் துணையின்றிக் காரை ஓட்டலாகாது. அந்தத் துணைவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெண்ணிறப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் ‘எல்’ எழுத்து இருக்கவேண்டும். அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்திற்கும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்திற்கும் குறையலாகாது. பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். அதனைப் பெற்று 30 நாள்கள் ஆன பின்னரே தேர்வுக்குச் செல்ல முடியும். காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படித்தோம். பழகுநர் உரிமம் உடையவர் இந்த மூன்றாவது விதிக்கு உட்பட்டு ஓட்டினால் காப்பீடு செல்லும் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. உரிமம் எதுவும் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பதோ குற்றம்; 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அதற்கான அபராதம் ரூ. 5,000 வரை உயர்ந்திருக்கின்றது. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ‘தெரிந்த பிள்ளைதானே’ என்று சாவியைத் தூக்கிக் கொடுப்போர் இதனை மனத்தில் கொள்வது நல்லது.

ஆகவே அவளுடைய பழகுநர் உரிமத்தைக் கண்ணால் பார்த்தோம். பீடச் சிறுவர் இருவர் அளவுகோல் வைத்து அளந்து, சிவப்பு வண்ணத்தில் ‘எல்’ எழுத்து அட்டைகளை எழுதிக் கொடுத்தனர். மாலையில் ஐந்து மணிக்கு மேல், டயாலிசிஸ் இல்லாத நாள்களில் பழகுவது என்று முடிவாயிற்று. தந்தையும் உடன் வரவேண்டும் என்பது நமது விருப்பம். ஊர் வாய்க்கு வேலை வைக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். அவர் தம் மகள் ஓட்டும் வண்டியில் அமர்ந்து பழகவேண்டும் என்பது இன்னொரு காரணம். கண்பார்வை மங்கி உரிமமும் காலாவதியாகிவிட்டதால், சட்டப்படி அவர் அவளுக்குத் துணைவராக முன்னால் அமர இயலாது. முப்பது ஆண்டு அனுபவம் பின்னிருக்கையில் அமர்ந்தது. நாம் முன்னால் அமர்ந்தோம்.

இங்கே ஒரு கேள்வி எழும். பழகுவதற்குத் துள்ளும் வண்டி ஏற்றதா? அவள் பயின்ற பள்ளியின் கார் 796 சி.சி. எஞ்சின் உடைய ஆல்டோ; ஐம்பது குதிரைத்திறனைத் தொடாதது. அதில் ஆக்சிலேட்டரைச் சற்று அதிகமாக மிதித்தால் எஞ்சின் இரையும். வண்டி நிதானமாகவே நகரும். நமது காரில் அதே அளவு மிதித்தால் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். பழகுநருக்குச் சாதுவான வண்டியே நல்லது என்பதுதான் பொது அறிவு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வேறு வண்டி கிடையாது என்னும் நிலையில், இருக்கும் வண்டியின் இயல்பையே பாடமாக்கிக்கொள்ள வழியுண்டு. சாதுவான வண்டி பழகுநரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்கின்றது. பொறுத்துப் பொறுத்து அவற்றை மறைத்தும் விடுகின்றது. துள்ளும் வண்டியோ கால் செய்த பிழையை அந்தக் கணமே உடலுக்குத் தெரிவித்துவிடுகின்றது. கற்பவர் தம் பாதத்தின் எடையை அறிந்துகொள்கின்றார்.

அதனால் முதல் மூன்று மாலைகளில் ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டோம். கோவில் திடலில் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பதால், ஊருக்கு வெளியே பனைகளுக்கு நடுவே கிடந்த கெட்டியான சமதரையைத் தேர்ந்தெடுத்தோம். முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை நூல் நூலாக விட்டுக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் எஞ்சினின் ஓசை சற்றே தாழும். வண்டி மூக்கை உயர்த்துவதுபோல் ஒரு சிறு அசைவு காட்டும். அங்கே கால் நிற்கவேண்டும். எஞ்சினோடு சுழலும் சக்கரத்தைக் கிளட்ச் தட்டு உரசிப் பிடிக்கத் தொடங்கும் இடம் அது. அவ்விடத்தைக் கால் கண்டுகொண்டால், சமதரையில் ஆக்சிலேட்டர் இல்லாமலேயே வண்டி ஊர்ந்து புறப்படும். முதல் நாள் பதினொரு முறை எஞ்சின் நின்றது. மூன்றாம் நாள் ஒருமுறையும் நிற்கவில்லை. தட்டு தேய்ந்திருக்கும், உரசலின் வாடையும் ஒரு மாலையில் மூக்கைத் தொட்டது. தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

வேகத்தைப் பற்றிய பாடத்தைக் கணக்கெழுதுபவளுக்குக் கணக்காகவே சொன்னோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 10 மீட்டர். பார்த்தது மூளைக்கு எட்டி, மூளை சொன்னது காலுக்கு எட்டுவதற்குள் ஒரு நொடி போய்விட்டால், பிரேக்கைத் தொடும் முன்னரே வண்டி 10 மீட்டர் கடந்திருக்கும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். 2019 முதல் இந்நாட்டில் விற்பனையாகும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். நமது பழைய காரில் அது இல்லை. அடித்துப் பிரேக் பிடித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆகவே தூரத்தில் பார்ப்பதுதான் முதல் பிரேக், காலில் இருப்பது இரண்டாவது என்று சொன்னோம். அவள் அதைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

இனி, இடப்பக்க இருக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். அங்கே ஸ்டியரிங் இல்லை; மிதி இல்லை. இரு இருக்கைகளுக்கும் நடுவே கைப்பிரேக் மட்டும் இருக்கின்றது. அதுவும் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும்; ஓடும் வண்டியில் வெடுக்கென்று இழுத்தால் வண்டி திரும்பிவிடக்கூடும். உண்மையில் நம்மிடம் இருந்த கருவி வாய் ஒன்றே. அதையும் கூடிய மட்டும் சுருக்கிக்கொண்டோம். ‘மெதுவாக’, ‘நிறுத்து’, ‘கண்ணாடியைப் பார்’ என்னும் மூன்று கட்டளைகளை முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டோம். ‘ஐயோ’ என்னும் சொல்லுக்கு அந்த வண்டியில் இடமில்லை என்று விதித்தோம். அது என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லாமல், அச்சத்தை மட்டும் கைமாற்றிவிடுகின்றது. வாய் அடங்கினாலும் கால் அடங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நம் வலக்கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கு வண்டி பழக்கிய பெற்றோர் அனைவரும் இதனை அறிவர்.

பின்னிருக்கையில் அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. மூன்று வாரங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கியர் தாமதமாக விழும்போதும், எஞ்சின் திணறும்போதும், கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தால் கண்களை மூடிக்கொண்டிருப்பார். அவர் உறங்கவில்லை, காதால் ஓட்டிக்கொண்டிருந்தார். சொல்லத் தெரியாதவன் பேசாமல் இருப்பது எளிது. அத்தனையும் தெரிந்தவர், தம் மகளின் ஒவ்வொரு பிழையையும் ஓசையிலேயே கண்டுகொண்டவர், வாய் திறவாமல் இருந்தார். அவர் ஒருமுறை அதட்டியிருந்தாலும் அந்தப் பெண் நம் சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டு அவர் சொல்லுக்கு நடுங்கத் தொடங்கியிருப்பாள். இதனை நாம் அவரிடம் சொல்லி வைக்கவில்லை, அவராகவே அறிந்திருந்தார்.

நான்காம் வாரத்தில் பேருந்து ஓடும் சாலைக்கு வந்தோம். ஒரு மாலையில் மூன்றாம் கியரில், மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் போய்க்கொண்டிருந்தபோது, சாலையைக் கடந்து முடித்திருந்த ஆட்டு மந்தையிலிருந்து குட்டி ஒன்று, மறுபுறம் நின்றுவிட்ட தாயை நோக்கித் திரும்பி ஓடிவந்தது. எதிரே நகரப் பேருந்து. நம் கை கைப்பிரேக்கை எட்டியது. எட்டும்போதே வண்டி முன்னோக்கி அமிழ்ந்து நேராக நின்றுவிட்டது. குட்டி போய்விட்டது. பேருந்து ஒலியெழுப்பிக் கடந்தது. பின்னிருக்கையிலிருந்து முதல்முறையாக அண்ணாச்சியின் குரல் வந்தது.

“கிளட்ச்சையும் மிதிச்சுட்டா சாமி.”

அப்போதுதான் கவனித்தோம், எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாம் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய கைகள் ஸ்டியரிங்கில் நடுங்கின. கண்ணாடியைப் பார்த்தாள், முதல் கியரைப் போட்டாள், புறப்பட்டாள். நமது கை, தேவைப்படாத கையாக, மடியில் வந்து அமர்ந்தது.

கீறலும் விழத்தான் செய்தது. கோவில் வளாகத்தின் வாயில் வழியே பின்னோக்கி எடுக்கும்போது இடப்பக்கப் பின்கதவு கல்தூணில் உரசி, ஒரு முழ நீளத்திற்கு வண்ணம் போய் உலோகம் தெரிந்தது. அவள் இறங்கிப் பார்த்துவிட்டு அழுதாள். இருபது ஆண்டுகளாகத் தம்பியும் நாமும் ஒரு கீறல் இல்லாமல் காத்த வண்டி. நெஞ்சில் ஏதோ உரசியதை மறைப்பதற்கில்லை. அன்றிரவே அண்ணாச்சி ஒரு உறையில் பணம் கொடுத்தனுப்பினார். அந்தப் பணம் எத்தனை வாடகைக் கார்ப் பயணத்திற்கு ஆகும் என்பது நமக்குத் தெரியும். உறையைத் திறவாமலேயே திருப்பிக் கொடுத்து, ஒரு செய்தி மட்டும் சொல்லி அனுப்பினோம்: மறுநாள் மாலை அதே வாயில் வழியே அவள் மீண்டும் பின்னோக்கி எடுக்கவேண்டும். வந்தாள். நான்கு முறை முயன்றாள். நான்காம் முறை தூணுக்கும் கதவுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தது. கீறலின்மேல் துருப்பிடிக்காதிருக்க வண்ணம் பூசினோம். நிறம் சற்றே வேறுபட்டுத் தெரிகின்றது.

பொருளைக் காப்பது நல்ல குணம். துடைத்து, எண்ணெய் மாற்றி, நிழலில் நிறுத்தி வைப்பதில் ஒரு நன்றியுணர்வு இருக்கின்றது. ஆயினும் காப்பது முற்றிப்போனால், காக்கப்படும் பொருள் எதற்காக இருக்கின்றது என்பதே மறந்துபோகும். தாலந்து உவமையில் மண்ணைத் தோண்டிப் புதைத்தவன் திருடன் அல்லன். தன்னிடம் தரப்பட்டதைக் குறையாமல் திருப்பிக் கொடுத்தவன். அவன்மேல் குற்றம் சாட்டப்பட்டதன் காரணத்தை வகுப்பறையில் பல முறை விளக்கம் கேட்டும் சொல்லியும் இருக்கின்றோம். கார்க் கொட்டகையில் உறை போட்டு நிற்கும் வண்டியைப் பார்க்கும்போது அவ்விளக்கம் கூடுதலாகத் துலங்குகின்றது.

இன்னொன்றும் அந்த இருக்கையில் தோன்றியது. ஒருவருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டு, நமது காலடியிலும் ஒரு பிரேக்கை இரகசியமாக வைத்துக்கொள்வது வீடுகளிலும் நிறுவனங்களிலும் நாம் அன்றாடம் காண்பதுதான். மகனிடம் கடையை ஒப்படைத்த தந்தை கல்லாவின் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றார். மருமகளிடம் அடுக்களையை விட்ட மாமியார் உப்பை மட்டும் தாமே போடுகின்றார். தொடக்கத்தில் அது தேவையே. பயிற்சிப் பள்ளியின் இரட்டை மிதி அதற்காகத்தான். ஆனால் அதை எடுக்கவேண்டிய நாள் ஒன்று வருகின்றது. அன்று உடன் அமர்ந்திருப்பவருக்கு மிஞ்சுவது குரலும், சாலையின்மேல் வைத்த கண்ணும், அடக்கிய நாவுமே. கைவிட்டுவிட்டு இறங்கிப் போவது எளிது. பிடுங்கிக்கொண்டு தாமே ஓட்டுவதும் எளிது. இரண்டும் செய்யாமல் அங்கேயே அமர்ந்திருப்பதுதான் கடினமான பணி.

இதைப் படிக்கும் அன்பர்களில் யாரிடமேனும் பிள்ளையோ, உறவினரோ, அண்டை வீட்டாரோ சாவியைக் கேட்டு வரக்கூடும். உரிமத்தையும் காப்பீட்டையும் பாருங்கள். எழுத்து அட்டையை மாட்டுங்கள். கூட்டம் இல்லாத இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். பயிற்சிப் பள்ளியில் அடிப்படையைக் கற்ற பின்னரே உங்கள் வண்டியில் ஏற்றுங்கள். கீறல் ஒன்று விழும் என்று முன்னதாகவே மனத்தில் வரவு வைத்துவிடுங்கள். விழாவிட்டால் அது இலாபம்.

அந்தப் பெண் தேர்வில் முதல்முறையே தேறினாள். தவணையில் வாங்க எண்ணிய பழைய ஆல்டோ கைக்கு வரும்வரை நமது காரையே எடுத்துச் செல்லும்படி சொன்னோம். ஒரு செவ்வாய்க்கிழமை, விடிவதற்குச் சற்று முன், பங்கு இல்லத்து வாசலில் நின்று சாவியைக் கொடுத்தோம். எழுத்து அட்டைகளைக் கழற்றியிருந்தாள். இம்முறை அண்ணாச்சி முன்னால், இடப்பக்கம் அமர்ந்தார். வண்டி வளைவைக் கடந்து கண்ணுக்கு மறைந்த பின்னும் எஞ்சினின் ஓசை பனைகளுக்கு அப்பாலிருந்து கேட்டது: முதல் கியர், இரண்டு, பின்னர் மூன்று. மூன்றாவதைச் சற்றுத் தாமதமாகவே போட்டாள்.

வண்டியைக் கழுவும்போது ஒருநாள் இடப்பக்கத்துக் கால்மிதியைக் கவனித்தோம். வலக்கால் அழுந்தும் இடத்தில் நன்றாகத் தேய்ந்திருந்தது. புதியது வாங்கிப் போட்டோம். இப்போது அதில் கால் வைப்பவர் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தோம். அதே இடத்தில் அதுவும் தேயத் தொடங்கியிருக்கின்றது.